8 ஜிபி வரவு, 5.88 ஜிபி இருப்பு

தங்கை மகள் புது மடிக்கணினி வாங்கிய மூன்றாம் நாள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். சிஸ்டம் விவரங்கள் இருக்கும் பக்கம். அதில் ஒரு வரியைச் சிவப்பில் வட்டமிட்டிருந்தாள். நிறுவிய ரேம் 8.00 ஜிபி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள், பயன்படுவது 5.88 ஜிபி. கீழே ஒரு கேள்வி: “மாமா, கடைல ஏமாத்திட்டாங்களா? மீதி ரெண்டு ஜிபி எங்க போச்சு?”

கணினியைக் கழற்றி மாட்டத் தெரியும் என்று சொந்தபந்தத்துக்குள் பெயர் இருப்பதால், வருடத்துக்கு நாலைந்து முறையாவது இந்தக் கேள்வி என்னிடம் வந்துவிடுகிறது. ஸ்க்ரூடிரைவரைத் தேடுவதற்கு முன் பேனாவை எடுப்பது என் வழக்கம். எவ்வளவு குறைகிறது என்று எம்பி கணக்கில் சரியாகத் தெரிந்துவிட்டால், அதை எடுத்தது யார் என்பதைப் பெரும்பாலும் அந்தத் தொகையே காட்டிக்கொடுத்துவிடும். அவளுடைய கணக்கு இப்படி வந்தது:

நிறுவியது: 8,192 எம்பி
கிராபிக்ஸுக்கு வெட்டியது: 2,048 எம்பி
பயாஸும் இதர வன்பொருளும் எடுத்தது: 123 எம்பி
இருப்பு: 6,021 எம்பி (5.88 ஜிபி)

8,192-இலிருந்து 6,021 போனால் 2,171. அந்த 2,171-க்குள் 2,048 உட்கார்ந்திருப்பது கணினிக் கணக்கு பழகிய கண்ணுக்கு உடனே தெரியும். 2,048 என்றால் பிசிறில்லாத 2 ஜிபி. பழுதான சிப்பு இப்படி அளந்து எடுத்துக்கொள்ளாது. யாரோ அமைப்பில் எழுதிவைத்த எண் இது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் திரைக்கு வேண்டிய நினைவகத்தைப் பொது ரேமிலிருந்துதான் வெட்டிக்கொடுக்கிறார்கள். ஏஎம்டி ரைசன் சிப்பு உள்ள மடிக்கணினிகளில் இந்த வெட்டு 512 எம்பியாகவும் இருக்கும், 2 ஜிபியாகவும் இருக்கும். இன்டெல் சிப்பில் முன்கூட்டியே எடுத்துவைப்பது கொஞ்சம்தான். 8 ஜிபிக்கு 7.7, 7.8 என்று இருப்பு காட்டுவது அங்கே சகஜம்.

இதை ரூபாயாக்கிப் பார்த்தால் மனதில் பதியும். ரேம் விலை மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும். அதனால் இந்தக் கட்டுரை முழுவதற்கும் ஜிபிக்கு 250 ரூபாய் என்று ஒரு கணக்கு விலை வைத்துக்கொள்கிறேன். உங்கள் ரசீதில் உள்ள விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். குறைந்த 2.12 ஜிபியின் மதிப்பு 530 ரூபாய். அது வீணாகப் போகவில்லை, திரைக்குப் போயிருக்கிறது. ஆனால் கட்டுரை தட்டச்சு செய்து, வகுப்புக் காணொளி பார்க்கிற மாணவிக்கு 2 ஜிபி திரை நினைவகம் தேவையே இல்லை. அவளுடைய பயாஸில் ‘யூஎம்ஏ ஃபிரேம் பஃபர் சைஸ்’ என்ற வரி இருந்தது. அதை 512 எம்பிக்கு மாற்றச் சொன்னேன். இருப்பு 7,557 எம்பி, அதாவது 7.38 ஜிபி ஆனது. 375 ரூபாய் பெறுமான நினைவகம், செலவில்லாமல். எல்லா மடிக்கணினியின் பயாஸிலும் இந்த வரி இருக்காது. விளையாட்டு ஆடுபவர்கள் 2 ஜிபியிலேயே விட்டுவைப்பது நல்லது; குறைத்தால் சில விளையாட்டுகள் திறக்கவே மறுக்கும்.

டாஸ்க் மேனேஜரில் ‘ஷேர்டு ஜிபியு மெமரி’ என்று மொத்தத்தில் பாதி அளவுக்கு ஓர் எண் தெரியும். அதைப் பார்த்து, இன்னும் பாதி போய்விட்டது என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அது தேவைப்பட்டால் கடனாகத் தருவதற்கான உச்சவரம்பு மட்டும். கழித்தல் கணக்கில் அதைச் சேர்க்கக் கூடாது.

மூன்று இடத்தில் எண்ணிப் பாருங்கள்

எந்தக் கணினியாக இருந்தாலும் நினைவகத்தை மூன்று இடத்தில் எண்ணலாம். ரேம் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் ஒன்று. கணினி எழும்போது பயாஸ் காட்டும் மொத்தம் இரண்டாவது. விண்டோஸின் அடைப்புக்குறி மூன்றாவது. ஸ்டிக்கரில் 16, பயாஸில் 8 என்றால் கோளாறு வன்பொருளில். பயாஸில் 16, விண்டோஸில் மட்டும் குறைகிறது என்றால் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். அமைப்பிலோ, விண்டோஸின் வகையிலோ விஷயம் இருக்கிறது. டாஸ்க் மேனேஜரின் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்தில், ‘மெமரி’ என்பதற்குக் கீழே ‘ஹார்டுவேர் ரிசர்வ்டு’ என்று ஒரு வரி உண்டு. நாம் கழித்துக் கண்டுபிடித்த தொகைதான் அங்கே எழுதியிருக்கும். ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு’ என்ற வரி இரண்டில் எத்தனை ஸ்லாட்டைக் கணினி பார்க்கிறது என்று சொல்லும். இந்த இரண்டு வரியைப் பார்க்க அரை நிமிடம் போதும். பார்க்காமல் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் அரை நாள் போகும்.

4-இல் 3.25 நிற்கிற கணக்கு

பழைய கணினிகளில் நான் அதிகம் பார்த்த எண் இதுதான். 4 ஜிபி போட்டால் 3.25, சிலவற்றில் 3.5, சிலவற்றில் 2.9. இதன் வேர் முகவரியில் இருக்கிறது.

32-பிட் இயங்குதளம் ஒவ்வொரு பைட்டுக்கும் 32 இலக்க இரும எண்ணில் கதவு எண் கொடுக்கிறது. 32 இலக்கத்தில் எழுதக்கூடிய கதவு எண்கள் மொத்தம் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296. அதுதான் 4 ஜிபி, அதாவது 4,096 எம்பி. ரேம் மட்டும் அந்தத் தெருவில் குடியிருந்தால் கணக்கு சரியாக முடிந்திருக்கும். ஆனால் கிராபிக்ஸ் கார்டு, நெட்வொர்க் சிப்பு, பயாஸ் சிப்பு எல்லாவற்றோடும் பிராசஸர் பேசுவது அதே கதவு எண்கள் வழியாகத்தான். தெருவின் கடைசிப் பகுதி, 4 ஜிபிக்குக் கொஞ்சம் கீழே உள்ள எண்கள், அவற்றுக்குப் போய்விடுகின்றன.

எவ்வளவு போகிறது? ஒரு பற்றை இங்கேயே கணக்கிட்டுவிடலாம். பிசிஐ எக்ஸ்பிரஸ் முறையில் 256 பஸ், ஒவ்வொன்றிலும் 32 சாதனம், ஒவ்வொரு சாதனத்துக்கும் 8 செயல்பாடு, ஒவ்வொரு செயல்பாட்டுக்கும் 4,096 பைட் அமைப்புப் பதிவேடு. பெருக்கினால் 26 கோடியே 84 லட்சத்து 35 ஆயிரத்து 456 பைட். சரியாக 256 எம்பி. முழு அளவில் ஒதுக்கினால், சாதனம் ஒன்றே ஒன்று செருகியிருந்தாலும் இவ்வளவு எண்களும் ஒதுங்கிவிடும். கிராபிக்ஸ் கார்டின் சாளரம் வழக்கமாக இன்னொரு 256 எம்பி. 1 ஜிபி கார்டு போட்டால் முழு 1 ஜிபி முகவரி போய்விடும் என்று பலர் சொல்வார்கள். அந்தக் கால கார்டுகள் பெரும்பாலும் 256 எம்பி சாளரம் வழியாகவே தம் நினைவகத்தைக் காட்டின. முழுவதையும் ஒரே நேரத்தில் திறந்துகாட்டுவது பின்னால் வந்த வசதி. மற்ற சாதனங்களுக்கும் பயாஸுக்கும் இன்னொரு 256 எம்பி என்று வைத்தால் மொத்தப் பற்று 768 எம்பி. 4,096-இல் 768 போனால் 3,328. அது சரியாக 3.25 ஜிபி.

விழுக்காட்டில் இது 18.75. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியிலும் இதே கதைதான் நடந்தது. அதன் 8088 பிராசஸருக்கு 20 இலக்க முகவரி; மொத்தம் 10,48,576 பைட், அதாவது 1,024 கேபி. அதில் நிரல்களுக்கு 640 கேபி, வன்பொருளுக்கு 384 கேபி. ஒதுக்கீடு 37.5 விழுக்காடு. அன்றைக்கு 640-க்கு மேல் எட்டாமல் தவித்தவர்களும் பின்னாளில் 3.25-இல் முட்டி நின்றவர்களும் இடித்துக்கொண்டது ஒரே மாதிரியான சுவரில்.

இந்த இடத்தில்தான் பணம் வீணாகிறது. 4-இல் 3.25 தான் தெரிகிறது, இன்னொரு 4 ஜிபி போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்து வாங்குகிறார்கள். நம் கணக்கு விலையில் அது 1,000 ரூபாய். போட்ட பிறகும் 3.25 தான். நிறுவியது 8, பயன்படாதது 4.75, மதிப்பு 1,187 ரூபாய் 50 காசு. கூடுதலாகக் கொடுத்த ஆயிரத்துக்கு ஒரு எம்பிகூடத் திரும்பி வரவில்லை.

32-பிட் பிராசஸரால் 4 ஜிபிக்கு மேல் போகவே முடியாது என்று சொல்வதும் முழு உண்மையில்லை. 1995-இல் வந்த பென்டியம் புரோவிலேயே முகவரியை 36 இலக்கமாக்கும் வழி இருந்தது. அதன் எல்லை 64 ஜிபி. விண்டோஸ் சர்வர் 2003-இன் என்டர்பிரைஸ் பதிப்பு 32-பிட்டிலேயே 64 ஜிபி வரை எடுத்துக்கொண்டது. வீட்டுக்கு விற்ற எக்ஸ்பியில் மட்டும் 4 ஜிபி முகவரியோடு நிறுத்திவிட்டார்கள். சாதாரணச் சாதனங்களின் டிரைவர்கள் அதற்கு மேற்பட்ட முகவரியைப் பார்த்ததும் தடுமாறி விழுந்ததுதான் காரணம். அந்தத் தடுப்புக்கு நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் வாங்குகிறவருக்கு அதை யாரும் சொல்லவில்லை.

தீர்வு 64-பிட்டுக்கு மாறுவது. அமைப்புப் பக்கத்தில் “32-பிட் இயங்குதளம், எக்ஸ்64 பிராசஸர்” என்று இருந்தால் கணினி தயாராகவே இருக்கிறது, மேலே ஓடும் விண்டோஸ்தான் பழையது. அதே பதிப்பின் 64-பிட்டுக்கு விண்டோஸ் 10 உரிமம் அப்படியே செல்லும். உரிமச் செலவு 0. ஆனால் மேலேயே புதுப்பிக்க முடியாது, வட்டைத் துடைத்துத்தான் நிறுவ வேண்டும். கோப்புகளைப் பத்திரப்படுத்த ஒரு மாலை நேரம் ஒதுக்குங்கள். விண்டோஸ் 11-க்கு 32-பிட் பதிப்பே கிடையாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்துவிட்டது.

64-பிட் போட்டும் 3.25 ஏறாத கணினிகள் உண்டு. முதலில் பயாஸில் ‘மெமரி ரீமேப்’ என்ற வரியைத் தேடுங்கள். சாதனங்கள் பிடித்த கதவு எண்களுக்குப் பின்னால் சிக்கிய ரேமை, 4 ஜிபிக்கு மேலே புது எண் கொடுத்துக் குடியேற்றுகிற வேலை அது. அணைந்திருந்தால் இயக்குங்கள். ஆனால் இன்டெல் 945 சிப்செட் உள்ள பழைய கோர் 2 மடிக்கணினி என்றால் தேடவே வேண்டாம். அந்தச் சிப்செட்டுக்கு ரீமேப் செய்யத் தெரியாது. 4 ஜிபி போடலாம், 3.25 அளவில் நிற்கும், எந்த இயங்குதளமும் உதவாது. ரிச்சி தெருவிலோ வேறெங்கோ பழைய மடிக்கணினியை எடுத்துவைத்து, ரேமை ஏற்றிப் பிழைக்கவைக்கலாம் என்று நினைப்பவர்கள் சிப்செட் எண்ணைப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுக்கவும்.

பதிப்புக்கு ஒரு வரம்பு

குறைவது வட்டமான பெரிய தொகையாக இருந்து, பயாஸிலும் முழு அளவு தெரிந்தால் விண்டோஸின் பதிப்பைப் பாருங்கள். விண்டோஸ் 7-இன் 64-பிட் ஹோம் பேசிக்குக்கு 8 ஜிபி, ஹோம் பிரீமியத்துக்கு 16 ஜிபி, புரொஃபஷனலுக்கு 192 ஜிபி உச்சவரம்பு. விண்டோஸ் 10 ஹோமில் 128 ஜிபி, புரோவில் 2 டிபி. இன்றைய வீட்டுக் கணினி இந்த எல்லையைத் தொடப்போவதில்லை.

ஆனால் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் என்று ஒன்று இருந்தது. 32-பிட் மட்டும், உச்சவரம்பு 2 ஜிபி. தமிழ்நாட்டுக்கு இது தூரத்துச் செய்தியில்லை. 2011-இல் தொடங்கிய அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்கத் தொகுதிகளில் வந்தது இந்த ஸ்டார்ட்டர்தான்; கூடவே பாஸ் லினக்ஸும் இருந்தது. கல்லூரிக்குப் போன பிறகு, வேகம் போதவில்லை என்று கைக்காசைப் போட்டு 4 ஜிபியாக்கியவர்களுக்கு ஸ்டார்ட்டரில் பாதிதான் கிடைத்திருக்கும். அதே மடிக்கணினியில் 64-பிட் லினக்ஸ் போட்டவர்களுக்கு ஏறக்குறைய முழுவதும் கிடைத்திருக்கும். முதல் தலைமுறையாகக் கணினி தொட்ட பிள்ளைகளிடம் இந்த ஒரு வரியைச் சொல்லியிருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு. அந்த மடிக்கணினிகள் இன்றும் சில வீடுகளில் அலமாரியில் இருக்கின்றன.

சரியாகப் பாதி குறைந்தால்

16 போட்டு 8 தெரிகிறது. பயாஸிலும் 8. இது ஒதுக்கீடு இல்லை; ஒரு ரேமையே கணினி பார்க்கவில்லை. கணக்கு விலையில் 2,000 ரூபாய் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கிறது.

நண்பர் ஒருவரின் மேசைக் கணினியில் இப்படி நடந்தது. மின்விசிறியில் தூசி அடைத்திருக்கிறது என்று ஒரு கடையில் கொடுத்துச் சுத்தம் செய்து வாங்கினார். அடுத்த நாள் பார்த்தால் பாதி ரேம் இல்லை. திரும்பக் கொண்டுபோனபோது மதர்போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். என்னிடம் வந்தார்.

இரண்டு ரேம், இரண்டு ஸ்லாட். ஒவ்வொரு ரேமையும் ஒவ்வொரு ஸ்லாட்டிலும் தனியாகப் போட்டுப் பார்த்தால் மொத்தம் 4 சோதனை; ஒன்றுக்கு மூன்று நிமிடம். முதல் ஸ்லாட்டில் இரண்டு ரேமும் வேலை செய்தன. ஆகவே ரேம் நல்லது. இரண்டாவது ஸ்லாட்டில் இரண்டும் செத்துக்கிடந்தன. ஸ்லாட்டில் தூசி இல்லை. அப்படியானால் ஸ்லாட்டிலிருந்து பிராசஸருக்குப் போகிற பாதையில்தான் கோளாறு.

பழைய கணினிகளில் ரேமை நிர்வகித்தது மதர்போர்டின் சிப்செட். ஏஎம்டி 2003-லும் இன்டெல் 2008-லும் அந்த வேலையைப் பிராசஸருக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டன. அதனால் இன்று பிராசஸர் சாக்கெட்டில் ஒரு பின் சரியாகத் தொடாவிட்டால் ஒரு ரேம் சேனலே காணாமல் போகலாம். அவருடைய சாக்கெட்டில் இருப்பவை 1,151 பின்கள். அவர் வெளியே வாங்கிப் போட்டிருந்த கூலருக்கு நான்கு திருகு. சுத்தம் செய்தவர்கள் ஒரு மூலையை இறுக்கி, எதிர்மூலையைத் தளர்வாக விட்டிருந்தார்கள். கழற்றி, பின்கள் வளையவில்லை என்று பூதக்கண்ணாடியில் பார்த்து, புது தெர்மல் பேஸ்ட் தடவி, எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். 16 ஜிபி வந்துவிட்டது. பற்று: தெர்மல் பேஸ்ட் ஒரு குழாய், ஒன்றரை மணி நேரம்.

எல்லாருக்கும் இவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது. மேசைக் கணினியின் டிடிஆர்4 ரேமில் 288 தொடுமுனைகள், மடிக்கணினி ரேமில் 260. அவற்றில் சில அழுக்கானாலே போதும், ரேம் தெரியாமல் போகும். மின்சாரத்தைத் துண்டித்து, மடிக்கணினி என்றால் பேட்டரியையும் பிரித்துவிட்டு, ஐசோபுரொப்பில் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, இரு பக்கமும் கிளிக் என்று விழும்வரை அழுத்திப் போடுங்கள். பாதி ரேம் புகாரில் நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை இதிலேயே தீர்ந்தன.

மதர்போர்டின் வரம்பையும் பார்க்க வேண்டும். இன்டெல் எச்61 சிப்செட்டில் இரண்டு ஸ்லாட், ஒவ்வொன்றிலும் 8 ஜிபி, ஆக மொத்தம் 16. அதில் ஒற்றை 16 ஜிபி ரேமை வாங்கிப் போட முடியாது. அலுவலகச் சர்வர்களில் ‘மெமரி மிரரிங்’ இயங்கினால் ஒரே தகவலை இரண்டு இடத்தில் எழுதும். 64 ஜிபி 32 ஆகிவிடும். பாதுகாப்புக்காக யாரோ தெரிந்தே வைத்த ஏற்பாடு அது, கேட்காமல் அணைத்துவிடாதீர்கள்.

ஒரு டிக் குறி

கணினியை வேகமாக்கும் குறிப்பு என்று சொல்லி, ‘எம்எஸ்கான்ஃபிக்’ திறந்து ‘மேக்ஸிமம் மெமரி’ பெட்டியில் டிக் அடிக்கச் சொல்கிற பழக்கம் பரவிக்கிடக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தப் பெட்டி நினைவகத்தைக் கூட்டாது, குறைக்க மட்டுமே செய்யும். அதுவும் எப்படிக் குறைக்கிறது என்பது கவனிக்க வேண்டியது. 4,096 என்று போட்டால் 4 ஜிபி ரேம் தருவதில்லை. 4 ஜிபிக்கு மேற்பட்ட முகவரிகளை வெட்டிவிடுகிறது. கீழே மிஞ்சுவதில் சாதனங்களின் பங்கும் இருப்பதால் இருப்பு 3.25-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். 64-பிட் விண்டோஸ், 8 ஜிபி ரேம், ஆனால் மூன்று சொச்சம்தான் தெரிகிறது என்றால் ரீமேப்பையும் இந்த டிக்கையும் பாருங்கள். டிக்கை எடுத்து, மறுபடி துவக்கினால் வேலை முடிந்தது.

லினக்ஸில் குறைவு சின்னது, ஆனால் அதற்கும் கணக்கு உண்டு. நினைவகத்தை 4,096 பைட் கொண்ட பக்கங்களாகப் பிரித்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் 64 பைட்டில் ஒரு பதிவு எழுதிவைக்கிறது. 8 ஜிபியில் 20,97,152 பக்கங்கள். பதிவேட்டுக்கு மட்டும் 128 எம்பி. தன் கணக்கு நோட்டுக்கே 1.56 விழுக்காடு. கெர்னலின் இந்தப் பங்கு போகத்தான் மொத்த நினைவகத்தைக் காட்டும். அங்கே 7.6, 7.7 என்று பார்த்தால் தேடுவதற்கு ஒன்றுமில்லை.

இன்னொரு புகார், ரேம் எல்லாம் சரியாகத் தெரிந்தும் ஒரு மென்பொருள் மட்டும் நினைவகம் போதவில்லை என்று நின்றுவிடுவது. 16 ஜிபி கணினியில் ஓடினாலும் பழைய 32-பிட் மென்பொருளுக்குத் தன் பங்கு 2 ஜிபிதான். அதற்கேற்ப எழுதியிருந்தால் 64-பிட் விண்டோஸில் 4. ரேம் வாங்குவதால் இது தீராது. அந்த மென்பொருளின் 64-பிட் பதிப்பைக் கேளுங்கள்.

கணினி விற்பவர்களிடமும் ரேம் மாட்டித்தருபவர்களிடமும் ஒரு வேண்டுகோள். ரசீதில் “8 ஜிபி” என்று எழுதும்போது அதற்குப் பக்கத்திலேயே, வாடிக்கையாளர் முன்னால் ஒருமுறை துவக்கி, பயன்படும் அளவையும் எழுதிக்கொடுங்கள். 5.88 என்றால் 5.88 என்றே எழுதுங்கள், எதற்குப் போனது என்று ஒரு வார்த்தை சேருங்கள். வாங்குகிறவர்களே, அந்த இரண்டாவது எண் இல்லாத ரசீதை வாங்கிக்கொண்டு கிளம்பாதீர்கள்.